தெருவுக்கு வந்த வாக்கர்

விழுந்தவர் என் மாமனார். கத்தியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்யாண மண்டபத்தில் இருந்த பாதிப் பேர் இன்றுவரை விழுந்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிதம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவப் போன இடத்தில் தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. என் அம்மாவின் தம்பி. பிறகு பெண்ணைக் கொடுத்து மாமனாரும் ஆனவர். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றார். கடலூர்–சிதம்பரம் சாலையில் புயல் மழையிலெல்லாம் வண்டி ஓட்டிய மனிதர், ஒரு வாஷ்பேசினுக்கு முன்னால் சறுக்கி இடுப்பு அடிபட உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணும் இல்ல, கை குடு மாப்ள" என்றார். கொடுத்தேன். எழ முடியவில்லை. இடது கால் வெளிப்பக்கமாகத் திரும்பி, வலது காலைவிடக் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் கத்தினேன்.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். செம்மங்குப்பம் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் நான் சேஃப்டி சூப்பர்வைசர். ஆபத்து நேரத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவன். கத்தக் கூடாது, ஓடக் கூடாது, அடிபட்டவரை அசைக்கக் கூடாது. மண்டபத்தில் நான் கத்தினேன், ஓடினேன், திரும்பி வந்து மாமாவை அசைத்தேன். அப்போது அவர் என் மனைவி செல்வியைப் பார்த்து, "இவன மொதல்ல அந்தாண்ட கூட்டிக்கினு போ" என்றார். அவ்வளவு வலியிலும் அவருக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றி, சிதம்பரத்திலேயே ஒரு எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து விளக்கினார். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. அது இடுப்பிலுள்ள கிண்ணத்தில் உட்கார்ந்து சுழலும். பந்துக்குக் கீழே கழுத்து மாதிரி ஒடுங்கிய இடம் ஒன்று உண்டு. மாமாவுக்கு அங்கேதான் முறிவு. அந்தக் கழுத்து முறிந்தால் பந்துக்குப் போகும் ரத்தம் தடைபட்டுவிடும். வயதானவர்களுக்கு அது திரும்ப ஒட்டுவது சிரமம். அதனால் உடைந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து ஒன்றைப் பொருத்துவார்கள். பொருத்தினால் சீக்கிரமே எழுப்பி நடக்கவைக்கலாம். பொருத்தாமல் படுக்கையிலேயே விட்டால் படுக்கைப் புண், நுரையீரலில் சளி, காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும்.

இதில் எனக்குப் புரிந்தது உலோகம் என்ற ஒரு சொல்தான். எந்த கிரேடு ஸ்டீல், துரு பிடிக்குமா, அமிலம் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். டாக்டர் பொறுமையானவர். "உங்க மாமாவ எந்தத் தொட்டில ஊற வைக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆபரேஷனுக்கு முன்னால் 'ஃபிட்னஸ்' வாங்க வேண்டும். மயக்க மருந்தை உடம்பு தாங்குமா என்று இதய டாக்டரும் மயக்க டாக்டரும் சொல்ல வேண்டும். அதற்கு ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., இதயம் அடிப்பதைத் திரையில் பார்க்கும் எக்கோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒரு பெஞ்சு. எக்கோ அறை வாசலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வியர்த்துக்கொட்டியது. அந்தப் பக்கமாகப் போன நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்தார். எவ்வளவு என்று சொல்லவில்லை. "ஸார், நீங்க கொஞ்சம் படுங்க" என்றார். மாமாவுக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

செல்வியின் அண்ணன் குமார் சிதம்பரத்திலேயே இருக்கிறான். வீட்டிலிருந்து டிபன் கேரியரோடு வந்தவன், இரண்டு கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான். நேராக என்னிடம் வந்து, "உனுக்கு எந்தப் பக்கம் மச்சான் ஒடைஞ்சிது?" என்று கேட்டான். மாமா சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலித்தது. வலித்ததும் மகனைத் திட்டினார். அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் குடும்பம் முதன்முதலாக இயல்புக்கு வந்தது அப்போதுதான்.

அன்று முதல் பில் சமாச்சாரம் எல்லாம் குமார் பார்த்துக்கொண்டான். என்னிடம் காட்டினால் இன்னொரு கட்டில் போட வேண்டிவரும் என்று செல்வி சொல்லிவிட்டாள். அவன் மனைவி அனுப்பிய ரசம் சாதத்தில் பாதியைப் பக்கத்து வார்டில் துணைக்கு யாருமில்லாத ஒரு பெரியவர் சாப்பிட்டார். அந்தப் பெரியவர் தன் ஃபிளாஸ்க்கை எங்களுக்குக் கொடுத்துவைத்தார். ஆஸ்பத்திரியில் வெந்நீர் வைத்திருப்பவன் பணக்காரன்.

ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கவைத்தார்கள். மாமா விழித்தேதான் இருந்தார். உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டதாம். டெப்போவில் சக்கரம் மாட்டுகிற மாதிரியே இருந்தது, போல்ட் சரியாக முறுக்கினார்களா என்று கேட்கலாமா என யோசித்தேன் என்றார். நான் வெளியே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை எழுத வேண்டியதில்லை. ஒரு தூணைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மாமா வாழ்நாளில் நடக்க வேண்டியதையெல்லாம் நானே நடந்து முடித்தேன்.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். நான்கு கால் அலுமினியச் சட்டம், தெரிந்திருப்பீர்கள். வாக்கரை முன்னால் வை, அடிபட்ட காலை வை, அப்புறம் நல்ல காலைக் கொண்டுவா. நாங்கள் அதையே ஒரு வெற்றியாகக் கொண்டாடி வீட்டுக்கு வந்தோம். டாக்டர் அனுப்பும்போது, தாழ்வாக உட்காரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, குத்துக்காலிடக் கூடாது என்று சொல்லிவிட்டு, கடைசியாக இன்னொன்றும் சொன்னார். "வீட்டுக்குள்ளயே நடந்தா போதாது. உடம்பு தேறினதும் வெளிய கூட்டிட்டுப் போங்க." முதல் மூன்றும் என் காதில் நன்றாக விழுந்தன. நான்காவது விழவில்லை.

கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீடு. மாமா இருப்பதும் எங்களோடுதான். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வருவதற்கு முன்பே வீட்டைக் கம்பெனியாக மாற்றிவிட்டேன். படிகளின் ஓரத்தில் மஞ்சள்-கறுப்புப் பட்டை. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு. கழிவறையில் உயரமான நாற்காலி. மிதியடிகளையெல்லாம் சுருட்டிப் பரணில் போட்டேன். இவை நல்ல காரியங்கள்தான். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் விழுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். நான் அதோடு நிற்கவில்லை என்பதுதான் பிரச்சினை. எங்கள் கம்பெனியில் ஆபத்தான வேலை எதையும் அனுமதிச் சீட்டு இல்லாமல் தொடங்க முடியாது. மாமா ஹாலிலிருந்து சமையலறைக்குப் போக வேண்டுமென்றாலும் நான் முதலில் போய்த் தரையைத் தடவிப் பார்த்து, "சரி, வரலாம்" என்று சொல்ல வேண்டும். நான் ஷிஃப்டுக்குப் போன பிறகுதான் அவர் நிம்மதியாக நடந்தார் என்று பின்னால் தெரிந்தது.

பிசியோதெரபிஸ்ட் ரேவதி வாரத்தில் சில நாட்கள் வருவார். சின்னப் பெண், அதிராமல் பேசுவார், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார். சில வாரம் ஆனதும் இனி தெருவுக்குப் போகலாம் என்றார். அங்கேதான் எல்லாம் நின்றுபோனது.

கிளம்புகிற மனிதரை 'எங்கே போறீங்க' என்று கேட்கக் கூடாது என்று நம் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்டுவிட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். பஸ் ஓட்டியவருக்கு இது சாதாரண விஷயமில்லை. மாமா டியூட்டிக்குக் கிளம்பும்போது வீட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் தெருவுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அங்கே 'எங்கே போறீங்க' என்பதுதான் வணக்கம்.

மாமா வாக்கரைத் தூக்கி வைத்து, தூக்கி வைத்து, கேட் வரைக்கும் வருவார், பின்னாலேயே நான். எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல், "எங்க கெளம்பிட்டீங்க?" மாமா அப்படியே வாக்கரைத் திருப்பிவிடுவார். திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். தண்ணீர் குடித்தால் சிறுநீர் வரும். அதற்குப் போய்வந்தால் களைத்துவிடுவார். நடை நாளைக்கு ஒத்திப்போகும். நாளைக்குத் தையல்கடை பாய் கேட்பார். அதற்கு மறுநாள் மீன்காரி அஞ்சலை கேட்பாள். தேவனாம்பட்டினத்திலிருந்து கூடையோடு வந்து எங்கள் தெருமுனைப் புங்கமரத்தடியில் கடை போடுகிறவள். கேட்டாள் என்றால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவர் திரும்பும்போதெல்லாம் எனக்குள்ளே ஒரு ஆறுதல். இன்றைக்கு விழவில்லை. தப்பித்தோம்.

ரேவதி அப்படி நினைக்கவில்லை. ஒருநாள் மாமாவை நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னார். முடியவில்லை. முந்தைய மாதம் முடிந்தது. தொடையைப் பிடித்துப் பார்த்தார், சதை கரைந்திருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆபரேஷன் நல்லா ஆயிருக்கு ஸார். ஆனா இவுங்க இப்டி உள்ளயே இருந்தா கொஞ்ச நாள்ல வாக்கர் போயிடும், வீல்சேர் வந்துடும். அப்புறம் படுக்கை. பயமுறுத்தறதுக்குச் சொல்லல" என்றார். என்னைப் பயமுறுத்த அதற்கு மேல் என்ன வேண்டும்? படுத்த படுக்கையாக மாமா கிடப்பதை நான் அன்றே பார்த்துவிட்டேன். காரியத்துக்கு எத்தனை சாமியானா வேண்டும் என்பது வரை போய்விட்டேன்.

உடனே செயலில் இறங்கினேன். பதற்றக்காரன் செயலில் இறங்குவது நல்ல செய்தி இல்லை. தெருவில் வீடு வீடாகப் போனேன். "மாமா வெளிய வர்றப்ப யாரும் எங்க போறீங்கன்னு கேக்காதீங்க, கையெடுத்துக் கும்புடறேன்" என்றேன். பாயிடம் சொன்னேன். அஞ்சலையிடம் இரண்டு தடவை சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்று மாலை மாமா கேட்டைத் தாண்டினார். பின்னால் நான், கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு. அவர் சாய்ந்தால் தாங்குவதற்கு. தெரு கப்சிப். எதிர்வீட்டு அம்மாள் மாமாவைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். பாய் தையல் மிஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, துணி இல்லாமலே தைத்தார். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மரத்தைப் பார்த்தாள். மாமா மின்கம்பம் வரைக்கும் போனார். நின்றார். சுற்றும் பார்த்தார். திரும்பிவிட்டார்.

வீட்டில் வந்து உட்கார்ந்து வாக்கரைத் தள்ளிவைத்தார். பிறகு கேட்டார்.

"நான் யாரயாச்சும் எதுனா சொல்லிட்டனா மாப்ள? ஒருத்தரும் மூஞ்சி குடுக்க மாட்றாங்க. செத்தவன் நடந்து போறாப்ல பாக்கறாங்க."

நான் செய்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று. செல்வி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து கேட்டுக்கொண்டு நின்றாள். மாமா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் காலைத் தடவிக்கொண்டார்.

"அவுங்க கேக்கறதுக்காவ நான் திரும்பல."

"பின்ன?"

"நீ பின்னாடி வர்றியே, அதுக்குத்தான். பாத்து மாமா, கல்லு மாமா, பள்ளம் மாமான்னு நீ ஒவ்வொரு தபா சொல்றப்பவும் எனக்குக் காலு கூசுது. வுழுந்துடுவன்னு நீயே முடிவு பண்ணிட்ட. நானும் அப்டியே நெனச்சிக்கறன். யாராச்சும் கேட்டாங்கன்னா, அதச் சாக்கா வெச்சி உள்ள வந்துடறது."

அவரே தொடர்ந்தார்.

"உங்க கம்பெனில ஆக்சிடெண்ட் ஆவக்கூடாதுன்னா என்னா பண்ணுவ? கம்பெனிய மூடிடுவியா?"

மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தவன்தான் நான், ஒரு தடவை. அதை அவரிடம் சொல்லவில்லை. செல்வி மட்டும், "மூடிட்டு பூட்டயும் இளுத்துப் பாப்பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த முறை ரேவதி வந்தபோது, வெளியே போக என்னவெல்லாம் பயம் என்று மாமாவிடமே கேட்டார். அதுவரை நாங்கள் யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை. மாமா மூன்று விஷயம் சொன்னார். வழியில் களைத்தால் உட்கார இடமில்லை. அவசரமாக வந்தால் ஒதுங்க இடமில்லை. சாக்கடையை மூடியிருக்கும் சிமெண்ட் பலகை ஆடுகிறது. மூன்றுக்கும் என் மஞ்சள்-கறுப்புப் பட்டையால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

பலகையைத் தாண்ட ரேவதியே பழக்கினார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஆடும் பலகைக்குக் கீழே நானும் குமாரும் செங்கல் முட்டுக் கொடுத்தோம். துணைக்கு ஒருவர் வேண்டும், ஆனால் பின்னால் இல்லை. ஆபரேஷன் செய்த பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், வாயை மூடிக்கொண்டு வர வேண்டும் என்றார் ரேவதி. எல்லோரும் செல்வியைப் பார்த்தார்கள்.

எனக்குக் கிடைத்தது மறுபடி வீடு வீடாகப் போகிற வேலை. மாலை நேரத்தில் வாசலில் ஒரு நாற்காலி போட்டுவைக்க வேண்டும். கை உள்ள நாற்காலி, தாழ்வாக இருக்கக் கூடாது, பிளாஸ்டிக் என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. எதிர்வீட்டு அம்மாள், "போன வாரம் பேசாதன்ன. இந்த வாரம் நாற்காலி போடுங்கற. அடுத்த வாரம் என்னா, ஆரத்தியா?" என்று கேட்டார். நாற்காலியைப் போட்டார். பாய் தன் கடைக்குப் பின்னால் இருக்கும் பாத்ரூமைக் கழுவிவைத்து, சாவியை மிஷின் மேலேயே வைப்பதாகச் சொன்னார். அஞ்சலையிடம், இனி தாராளமாகக் கேட்கலாம் என்றேன். "அத்த நீ சொல்லணுமா? எனக்கு வாயே புளிச்சிப் போச்சி" என்றாள்.

போய்ச் சேர வேண்டிய இடம் தெருவைத் தாண்டி, வளைவுக்கு அந்தப் பக்கமுள்ள டீக்கடை. என்னை முன்கூட்டியே அங்கே அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து எங்கள் தெரு தெரியாது. வேண்டுமென்றே அப்படி ஏற்பாடு செய்தார்கள் என்று நினைக்கிறேன்.

டீ வாங்கினேன். ஆறிப்போனது. இன்னொன்று வாங்கினேன். மாமா வரவில்லை. செல்விக்குப் போன் போட்டேன். போன் வீட்டில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பலகை சரிந்திருக்கும். உலோகப் பந்து கழன்றிருக்கும். கடைக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். ஆம்புலன்ஸ் சத்தம் எனக்குக் கேட்காமல் இருக்கத்தான் கூட்டுகிறார் என்று நம்பினேன். தாங்க முடியாமல் டம்ளரோடு ஓடினேன்.

வளைவைத் தாண்டியதும் பார்த்தேன். புங்கமரத்தடியில் இரட்டை நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அஞ்சலை, பாய், எதிர்வீட்டு அம்மாள். செல்வி சங்கரா மீன் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா கல்யாண மண்டபத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை எனக்கு பி.பி. பார்த்த இடத்துக்கு வந்திருந்தது. அஞ்சலை என்னைப் பார்த்ததும், "தோ, பேஷண்ட்டே வந்துட்டாரு" என்றாள்.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ போயி குந்து மாப்ள. இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்குது. நான் நின்னு நின்னுதான் வருவன்."

போய் உட்கார்ந்தேன். இருட்டுவதற்குள் வந்துவிட்டார். சட்டை நனைய வியர்த்திருந்தது, மூச்சு வாங்கியது. டீயை உறிஞ்சிவிட்டு, சர்க்கரை ஜாஸ்தி என்று கடைக்காரரிடம் சண்டை பிடித்தார்.

இப்போது சில மாதங்கள் ஆகிவிட்டன. வாக்கர் இன்னும் இருக்கிறது. அது எப்போதும் இருக்கலாம் என்று ரேவதி சொல்லியிருக்கிறார், அதில் தோல்வி ஒன்றுமில்லையாம். கை ஊன்றாமல் எழுகிறார். செல்வி கூடப் போவது படிப்படியாகக் குறைந்தது. ரேவதி சோதித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகு, சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு தனியாகவே போகிறார். எந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்காருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. சில நாள் டீக்கடைக்குப் போகாமலே பொழுது சாய்ந்துவிடும். தெருவிலுள்ள இன்னொரு மூட்டுவலி அம்மாளும் அந்த நாற்காலிகளை நம்பி இறங்கி நடக்க ஆரம்பித்திருக்கிறார். இடத்துக்காக இருவருக்கும் தகராறு.

நேற்று மாலை மாமா போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈரத் தெரு, வழுக்கும் பலகை, அலுமினிய வாக்கர். நான் குடையை எடுத்து, செருப்பை மாட்டி, கேட்டில் கை வைத்தபோது போன் அடித்தது.

"மாப்ள, மழ வுட்டதும் நான் வர்றன். டீக்கடைல சொகமாத்தான் குந்திக்கினு இருக்கேன். நீ ஒண்ணும் வர வேணாம்."

"சரி மாமா" என்றேன். குடையை ஆணியில் மாட்டினேன். ஒரு செருப்பை மட்டும் கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தேன்.